பல் கிளிப்பும் மருத்துவக் காப்பீடும்: 26 மாத அனுபவம்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மாதம் ஒருமுறை மகளைச் சேலத்துப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று வந்தோம்; 26 மாதங்களுக்குப் பிறகு சென்ற மாசியில்தான் கிளிப்பைக் கழற்றினார்கள். தெத்துப்பல்லோடு முன்பற்களும் தூக்கலாக இருந்ததால், ஓபிஜி, செபலோகிராம் ஆகிய இரண்டு எக்ஸ்ரேக்களையும் பற்களின் அச்சையும் எடுத்துப் பார்த்த மருத்துவர், வரிசையில் இடம் போதாது என்று நான்கு முன்கடைவாய்ப் பற்களை அகற்றிய பிறகே கிளிப் போட்டார்.

கிளிப்புக்கான கட்டணம் 48,000 ரூபாய். முதலில் 15,000 கட்டினோம். மீதியை மாதம் 1,500 வீதம் 22 தவணைகளில் அடைத்தோம். எக்ஸ்ரேக்கும் பல் பிடுங்கியதற்கும் தனியாக 6,400 ஆனது.

எங்கள் குடும்பக் காப்பீட்டை எடுத்துக் கொடுத்த முகவர் "பல்லுக்கும் உண்டு" என்று சொல்லியிருந்ததை நம்பி ரசீதுகளை அனுப்பினோம். மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. பாலிசியைப் பிரித்துப் படித்தால், விபத்தில் அடிபட்டு உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே பல் சிகிச்சைக்குப் பணம் என்று விலக்குகள் பகுதியில் தெளிவாகவே இருந்தது. நம் நாட்டின் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை பல் சீரமைப்பை அழகுக்கான சிகிச்சையாகவே கருதுகின்றன. நெருக்கிக்கொண்டு முளைத்த பற்களுக்கிடையே பிரஷ் போகாமல் இரண்டு பற்கள் சொத்தையானதைப் பார்த்த எனக்கு, அதை வெறும் அழகு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

கைகொடுத்தது கணவர் வேலை செய்யும் இடத்தின் குழுக் காப்பீடு. அதில் புறநோயாளிச் செலவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் அதுவும் கிளிப்புக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட ரசீதை முதலில் திருப்பி அனுப்பினார்கள். எக்ஸ்ரேக்கும் பல் பிடுங்கியதற்கும் தனித்தனி ரசீது வாங்கி, மருத்துவரின் சீட்டையும் இணைத்து மீண்டும் அனுப்பிய பிறகு 6,400 ரூபாயும் முழுதாக வந்து சேர்ந்தது. ஆகவே முதல் நாளே ரசீதைப் பிரித்துக் கேளுங்கள்.

ஐந்தாவது மாதம், தோழிகளோடு தட்டுவடை செட் சாப்பிட்டபோது பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் பிராக்கெட் ஒன்று கழன்றுவிட்டது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் வளைவுக்கு வளைவு கம்பியின் முனை கன்னத்தின் உட்புறத்தில் குத்த, மகள் கண்ணீரோடு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மருத்துவர் கொடுத்திருந்த மெழுகில் கடலையளவு உருட்டி முனையில் ஒட்டிய பிறகுதான் அவளால் பேச முடிந்தது. அந்த மெழுகு டப்பா அதன்பின் என் கைப்பையை விட்டு வெளியே போனதில்லை.

நகர்த்திய பற்களைச் சுற்றியுள்ள எலும்பும் ஈறும் உறுதிப்பட நாளாகும் என்பதால், பற்கள் பழைய இடத்துக்கு நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னரை இப்போது அணிகிறாள். அதற்கான 5,000 ரூபாய் கிளிப் கட்டணத்தில் சேராது என்பதைக் கடைசி மாதத்தில்தான் அறிந்தோம். அது உடைந்தால் புதிதாகச் செய்யக் காப்பீட்டில் வழியுண்டா என்று இம்முறை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டேன். இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது; அதை அச்செடுத்துப் பாலிசியோடு வைத்துவிட்டு, இன்னொரு 5,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.