150 அம்பியர் என்று ஒட்டியிருந்தது

வீட்டுக்கு இன்வேட்டர் பூட்ட யோசிப்பவர்கள் முற்பணம் கொடுக்க முதல் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. ஃபான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு நித்திரை வராது. அந்த அவசரத்தில் யாழ்ப்பாண நகரத்திலுள்ள ஒரு கடைக்கு ஓடினேன். ஒரு ஃபான், நாலு எல்ஈடி பல்ப், ரவுட்டர்; எல்லாம் சேர்த்தாலும் 120 வாற்ஸ்தான். என்ன பாவிக்கப் போகிறேன் என்று கடைக்காரர் கேட்கவேயில்லை. "12 வோல்ற், 150 அம்பியர் பற்றரி. ஆறு மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் அண்ணை" என்றார்.

நானும் கணக்குப் போட்டேன். பற்றரிக்கு அம்பியர் என்று கடையில் சொல்வது அம்பியர்-மணியை; 12ஐ 150ஆல் பெருக்க 1800 வாற்-மணி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, ஆகவே 900. இன்வேட்டர் தின்பது போக 750 அளவில் மிஞ்சும். ஆறு மணித்தியாலம் வருகிறது. மனிதர் பொய் சொல்லவில்லை என்று காசைக் கட்டினேன்.

மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அது ஒருநாளும் நிற்கவில்லை. கேட்டால் "புதுப் பற்றரி, பழக வேணும்" என்ற பதில். பற்றரி பழகுமாம்! ஆனி மாதம், திருத்தவேலைக்கென்று மின்சார சபை நிறுத்திய ஒரு ஞாயிறு, அரை மணித்தியாலத்தில் எல்லாம் அணைந்தது. கரண்ட் வந்து சார்ஜ் ஏறத் தொடங்கியதும் வீடு முழுக்கக் கூழ்முட்டை நாற்றம்.

பக்கத்து வீட்டு மாமா வயரிங் வேலை செய்தவர். வந்ததும் முதலில் சாமி விளக்கை அணைக்கச் சொன்னார். பற்றரி கொதித்தால் ஐதரசன் வரும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். கடைப் பெடியன் அதை வைத்துவிட்டுப் போனது சாமி அறை வாசலில். நேர் முனையில் ஒரு பியூஸ்கூடப் போடவில்லை. பிறகு மாமா நகத்தால் ஸ்டிக்கரை உரித்தார். கீழே இன்னொரு ஸ்டிக்கர்: 70 அம்பியர், கார் பற்றரி. அதன் ஈயத் தகடுகள் மெல்லியவை. இஞ்சினைச் சில விநாடி உதைத்துக் கிளப்பத்தான் சரி, தினமும் இறக்கி ஏற்றினால் சில மாதத்தில் செத்துவிடும். போதாததற்கு இன்வேட்டரின் சார்ஜரை 150க்கென்று 20 அம்பியரில் வைத்திருந்தார்கள். அதுதான் கொதிப்பு.

கடைக்குப் போனேன். "பற்றரிக்குத் தண்ணி விடாமல் விட்டியள்" என்று என்னையே குற்றம் சொன்னார்கள். பில்லில் 'இன்வேட்டர் செற் 1' என்று மட்டும் இருந்தது, அம்பியரும் இல்லை, தொடர் இலக்கமும் இல்லை. நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதலாம் என்று பார்த்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு நாலு மாதம் கடந்துவிட்டது. பற்றரி பழகட்டும் என்று காத்திருந்த காலம் அது.

கடைசியில் பழைய இரும்புக்காரர் தராசில் வைத்தார். 17 கிலோ. இன்வேட்டருக்குப் பூட்டும் உண்மையான 150 அம்பியர் டியூபுலர் பற்றரி என்றால் 50 கிலோவுக்குக் கிட்ட வரும், இரண்டு பேர் வேண்டும் தூக்க என்றார்.

அம்மா திண்ணையிலிருந்து, "அண்டைக்கே சொன்னனான் எல்லே, அந்தப் பெடியன் ஒரு கையாலை தூக்கிக்கொண்டு வாறான் எண்டு."