சாய்வு சைக்கிள்: முட்டிக்கு நல்லது, அதன் நாடிக்கணக்கு வேண்டாம்

முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு நான் வாங்கியது, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். எனக்கு ரத்த அழுத்தமும் உண்டு. முட்டி வலித்த காலத்தில் நடை நின்றுபோய், வலி மாத்திரைதான் மிச்சம். அதுவும் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்று டாக்டர் திட்டுவார். வலி போனதும் இதயத்துக்காக எதையாவது செய்தாக வேண்டியிருந்தது.

சீட் தாழ்வு, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. பெடல் ஒரு முழுச் சுற்று வர முழங்கால் சுமார் 105 முதல் 110 டிகிரி மடங்க வேண்டும். ஆரம்பத்தில் எங்கே மடங்கும்? சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அரை வட்டமாக முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். முழுச் சுற்று எனக்குப் பின்பக்கமாகத்தான் முதலில் வந்தது. பெடல் மேலே வரும்போது இடுப்பு ஒரு பக்கம் எழும்பினால் சீட் இன்னும் கிட்ட இருக்கிறது என்று அர்த்தம். அதை நகர்த்தும் லீவரோ சீட்டுக்கு அடியில், பின்னால்! குனிய முடியாதவர்கள் வாங்கும் பொருளில் இப்படியா வைப்பார்கள்? ஒவ்வொரு முறையும் பேரனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

கைப்பிடியில் உள்ள நாடித்துடிப்பு சென்சாரை நான் பார்ப்பதே இல்லை. கை வியர்த்தால் ஒரு எண், பிடி தளர்ந்தால் வேறு எண். திரைக்குக் கீழே, துடிப்பு எவ்வளவு ஏறலாம் என்று 220-இலிருந்து வயதைக் கழித்துப் போட்ட அட்டவணை வேறு. நான் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவள். அந்த மாத்திரை துடிப்பை அவ்வளவு ஏறவிடாது. அட்டவணையை எட்டப் பார்த்தால் மூச்சுதான் வாங்கும். மிதித்துக்கொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்தை, சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்து, இந்த வேகத்தில்தான் மிதிக்கிறேன். இப்போது மாடி ஏறினால் நடுவில் நிற்பதில்லை.

ஆனால் முட்டியை நேராக நீட்ட வைப்பது இதன் வேலையில்லை. அதற்குக் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துச் செய்யும் பயிற்சிதான். நின்று தடுமாறாமல் திரும்பப் பழகவும் நடக்கத்தான் வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ, மூச்சுத் திணறினாலோ சைக்கிளை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஏறி உட்கார்ந்து, அந்த லீவர் குனியாமல் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள்.