நகையைக் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னால் கழற்றாதீர்கள்

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறவர்கள், முக்கியமாகப் பகலில் தனியாகக் கடைக்கும் கோயிலுக்கும் போய்வருகிற பெண்கள், இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். போன வெள்ளிக்கிழமை எனக்கு நடந்தது இது.

கோதண்டராமர் கோயிலில் சேவித்துவிட்டு, காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மணி பதினொன்றேகால் இருக்கும். ஆபீஸ் கூட்டமெல்லாம் வடிந்து தெரு காலியாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, அங்கே சார் கூப்பிடறார் பாருங்க" என்றார். எதிர்ச்சாரியில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், பழுப்பு ஷூ. மஃப்டி போலீஸ் என்றால் நம் மனதில் என்ன உருவம் வருமோ அதேதான்.

"நேத்து ராத்திரி பக்கத்துத் தெருவுல ஒரு அம்மாவைக் கத்தியால குத்தி நகையைப் பறிச்சிருக்கான். நீங்க இவ்வளவு நகையோட தனியா வரலாமா? காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றார். அதட்டல்தான், ஆனால் அக்கறையான அதட்டல். ஒரு அட்டையை எடுத்து, திறந்து, உடனே மூடினார். அதில் என்ன இருந்தது என்று நான் படிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு இளைஞன் கழுத்தில் மொத்தமான செயினோடு வந்தான். அவனை நிறுத்தி, என்னிடம் பேசியதைவிடக் கடுமையாகத் திட்டினார். அவன் "சாரி சார்" என்று செயினைக் கழற்றிக் கொடுத்தான். அதை ஒரு தாளில் மடித்து அவன் பையிலேயே போட்டு, "நேரா வீட்டுக்குப் போ, வழியில பிரிக்காதே" என்று அனுப்பிவைத்தார். கண்ணெதிரே இன்னொருவனுக்கு நடந்த பிறகு எனக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

செயின் ஐந்து பவுன், வளையல் இரண்டும் சேர்த்து நான்கு பவுன். 72 கிராம். கழற்றினேன். தாலிச் சரட்டில் கை வைத்தபோது அவரே தடுத்தார். "அது வேணாம்மா, அதைக் கழட்டக் கூடாது. தலைப்பால மூடிக்கிட்டுப் போங்க." அந்த வார்த்தையில் மிச்சம் மீதி இருந்த தயக்கமும் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அப்படிச் சொன்னார். "எப்படி ஏமாந்தே?" என்று கேட்கிற எல்லோரிடமும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

நியூஸ்பேப்பர் துண்டில் நகையை வைத்து மடித்து ரப்பர் பேண்ட் போட்டார். முதலில் என்னைக் கூப்பிட்டவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "அம்மா, குடை விழுந்துடுச்சு" என்றார். குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். மாற்றியது அந்த நொடியில்தான் என்று இப்போது புரிகிறது. பொட்டலத்தை என் காய்ப் பையில் முருங்கைக்கீரைக் கட்டுக்கு அடியில் அவரே வைத்தார். வெளியிலிருந்து தடவிப் பார்த்தேன். வட்டமாக வளையல் தட்டுப்பட்டது, கனமும் இருந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தால் இரண்டு பிளாஸ்டிக் வளையல், நடுவில் ஒரு ஜல்லிக் கல்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, மருமகள் என்ன நினைப்பாள் என்றே மனம் சுற்றியது. வளையல்கள் என் அம்மா 1994-ல் சீராகப் போட்டவை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துவிட்டு என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனபோது மணி இரண்டரை. எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். "உடனே வந்திருந்தா பைக் எந்தப் பக்கம் போச்சுன்னு கேமரா பார்த்து அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கலாம்மா" என்றார். அது இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கோயில் பக்கம் பூ விற்கிற அம்மாவிடம் அப்புறம் விசாரித்தோம். செயின் போட்ட அந்த இளைஞன், அதற்கு அரை மணி முன்னால் அதே காக்கி பேன்ட்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தானாம். கூப்பிட்டவர், சார், வழிப்போக்கன் மூன்று பேரும் ஒரே கூட்டம். கவனத்தைத் திசைதிருப்பித் திருடுவது என்று போலீசார் சொல்கிறார்களே, அது இதுதான்.

போலீஸ் யாரையும் தெருவில் நிறுத்தி நகையைக் கழற்றச் சொல்லாது. வாங்கி மடித்தும் கொடுக்காது. ஒரு பெண்ணைச் சோதனை போட வேண்டுமென்றால் பெண் போலீஸ்தான் செய்ய வேண்டும், அது சட்டம். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கிட்டே போகாதீர்கள். "ஸ்டேஷனுக்கு வந்து பேசறேன் சார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பக்கத்துக் கடைக்குள் ஏறிவிடுங்கள். 100 அல்லது 112-க்கு அங்கிருந்தே போன் செய்யுங்கள்.

ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால் முகம் கழுவக்கூட நிற்க வேண்டாம், ஓடுங்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்று யோசிக்க வேண்டியதில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கேளுங்கள், நகல் இலவசம். நாம் நானூற்று இருபது என்று சொல்லிப் பழகிய மோசடிப் பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. அரசு ஊழியர் போல நடித்ததற்கு 204 தனியாக உண்டு. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. என் எஃப்.ஐ.ஆரில் இரண்டும் இருக்கின்றன.

ஸ்டேஷனில் முதலில் கேட்டது பில்லும் போட்டோவும்தான். வளையலுக்குப் பில் கிடையாது, ஆசாரி செய்து கொடுத்தது. பழைய கல்யாண போட்டோ ஒன்றில் என் கை தெரிந்தது, அதைக் கொடுத்தேன். செயின் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியது. அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு உண்டு, அது பில்லிலும் இருந்தது. இன்றைக்கே உங்கள் நகைகளைப் பில்லோடு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காக்கி பேன்ட்காரருக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. தெலுங்கு வாடை கலந்த தமிழ். இளைஞனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், மாநிறம், கட்டம் போட்ட நீலச் சட்டை. பைக் கறுப்பு, நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்தது. மாம்பலம், தி.நகர், அசோக் நகர் பக்கம் யாராவது இவர்களைப் பார்த்திருந்தாலோ, வீட்டு கேமராவில் அன்று காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை பதிவு இருந்தாலோ, அழித்துவிடாமல் பக்கத்து ஸ்டேஷனில் கொடுங்கள்.