குழந்தை நடக்கப் பழக வாங்கியவை: எது உழைத்தது, எது மூலையில் கிடந்தது

மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. குப்புற விழத் தொடங்கியதிலிருந்து மாடிப்படி ஏறுவது வரை அவளுக்கென்று வீட்டுக்குள் வந்த சாமான்களில் பாதி நாங்கள் வாங்கியவை, மீதி சொந்தக்காரர்கள் ஆசையாகத் தூக்கி வந்தவை. பெட்டி பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதும் கருத்துகள் எனக்கு ஒருபோதும் உதவியதில்லை. அதனால் எல்லாம் தேய்ந்து, கிழிந்து, சில கைமாறியும் போன பிறகு இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது சென்னையில் மூன்றாவது மாடி, வழவழவென்ற டைல்ஸ் தரை. மாமியார் வீடு கும்பகோணம் பக்கம், சிவப்பு சிமென்ட் தரை, பெரிய முற்றம். ஒரே பொருள் இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாக நடந்துகொண்டது. எனவே நான் சொல்வதை உங்கள் வீட்டுத் தரையோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயும் ஜமக்காளமும்

ஆரம்பத்தில் அதிகம் உழைத்தது ஒரு கோரைப்பாய்தான். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட வேண்டும் என்று குழந்தை மருத்துவர் முதல் மாதமே சொல்லிவிட்டார். கழுத்தும் தோளும் முதுகும் அப்படித்தான் பலப்படும். முதலில் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் அழுவாள். நானும் எதிரே குப்புறப் படுத்துக்கொண்டால் அழுகை கொஞ்சம் தள்ளிப்போகும். மெத்தையில் போட்டால் கை புதைந்துவிடும், தலையைத் தூக்க முடியாது. பாயில் கையை ஊன்ற முடிந்தது. தவழ ஆரம்பித்ததும் டைல்ஸில் வழுக்கிய முழங்கால் பாயில் வழுக்கவில்லை. ஓரம் பிரிந்த பகுதியைத் துணி வைத்துத் தைத்துக்கொண்டோம், அவ்வளவுதான் பராமரிப்பு.

பல வண்ணத் துண்டுகளைக் கோத்து விரிக்கும் ஃபோம் பாயும் வந்தது. பார்க்க அழகு. பல் முளைத்ததும் அவள் அதன் பற்களைக் கடித்துத் துண்டாக எடுக்க ஆரம்பித்தாள். சென்னை ஈரப்பதத்தில் அடியில் வியர்த்து எறும்பு குடியேறியது. தொண்டையில் சிக்கும் அளவுத் துண்டு ஒன்றை வாயிலிருந்து எடுத்த அன்றோடு அதைச் சுருட்டியாகிவிட்டது. ஜமக்காளம் டைல்ஸ் மேல் நகரும். நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வைக்க இடமிருந்தால் அதுவும் போதும்.

எந்த மாதத்தில் என்ன

எதிர் வீட்டுக் குழந்தை பத்தாவது மாதமே நடந்தது, எங்கள் மகள் பிறந்த சமயத்திலேயே பிறந்த இன்னொன்று ஒன்பதிலேயே நின்றது என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். என்னை நிம்மதியாகத் தூங்க வைத்தது உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கு. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துத் தொகுத்தது அது. இந்தியக் குழந்தைகள் புதுதில்லியைச் சேர்ந்தவர்கள். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், கை, முழங்கால் ஊன்றித் தவழ்வது 5.2-லிருந்து 13.5-க்குள், தனியாக நிற்பது 6.9-லிருந்து 16.9-க்குள், தனியாக நடப்பது 8.2-லிருந்து 17.6-க்குள். ஒவ்வொன்றிலும் இடைவெளி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். ஏறத்தாழ நூற்றில் நான்கு குழந்தைகள் முழங்கால் ஊன்றித் தவழவே இல்லை. உட்கார்ந்தபடி தேய்த்து நகர்ந்தோ நேராக எழுந்து நின்றோ தாண்டிவிட்டார்கள். எங்கள் மகள் ஒரு காலை மடக்கி இன்னொரு காலைத் தள்ளி ஓர் ஓரமாகத்தான் தவழ்ந்தாள். பதினாலாவது மாதம்தான் கையை விட்டு நடந்தாள்.

அத்தைக்கு இந்தப் பட்டியல் எல்லாம் தேவைப்படவில்லை. குப்புற விழுந்ததற்குக் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டியதற்குப் பாயசம், அடியெடுத்து வைத்ததற்கு அடை என்று அவருக்குச் சொந்தமாக ஒரு பட்டியல் இருந்தது. அதில் மாதக் கணக்கு கிடையாது. எப்போது நடக்கிறதோ அப்போது அடுப்பு பற்றவைப்பார்.

வட்ட வாக்கரும் நடைவண்டியும்

குழந்தையை நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த வாக்கரைத் தம்பி ஏழாவது மாதத்தில் வாங்கி வந்தான். பாட்டுப் பாடும், விளக்கு எரியும். அதை அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டோம். அவனுக்கு இரண்டு நாள் கோபம். கனடாவில் 2004 முதல் இதை விற்கவே தடை, பழையதை அடுத்தவருக்கு விற்பதும் கூடாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை இதனால் அடிபட்டு அவசர சிகிச்சைக்குப் போன 15 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் 2,30,000-க்கும் அதிகம். பெரும்பாலோர் படிக்கட்டில் உருண்டவர்கள். நொடிக்கு மூன்றடிக்கு மேல் பாயும் வண்டியை ஓடிப் பிடிக்க எந்தப் பாட்டியாலும் முடியாது. நடை பழகவும் அது உதவாது. குழந்தை இருக்கையில் தொங்கிக்கொண்டு கால்விரல் நுனியால் தள்ளுகிறது. உடம்பின் எடையைத் தாங்கவும் சாயும்போது சமாளிக்கவும் கற்றுக்கொள்வதில்லை, தன் காலையே பார்ப்பதில்லை.

நம் ஊர் நடைவண்டி வேறு சாதி. மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவே. கோயில் திருவிழாக் கடையில் எங்களுக்குக் கிடைத்தது. நின்று, எடையைக் காலில் போட்டு, தானே தள்ள வேண்டும். ஆனால் இதிலும் சிக்கல் உண்டு. எடை குறைவான வண்டி, குழந்தை அதைப் பிடித்து எழுந்தால் பின்பக்கமாகச் சாயும். டைல்ஸில் வண்டி முந்திக்கொண்டு ஓட, குழந்தை முகம் குப்புற விழும். என் கணவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரங்களில் மாட்டினார், முன்பக்கம் ஒரு மணல் பையைக் கட்டினார். அதன் பிறகுதான் அது பயன்பட்டது. கும்பகோணம் முற்றத்தில் இந்த வேலை எதுவும் தேவைப்படவில்லை, சொரசொரப்பான தரையே வேகத்தைக் குறைத்தது. வாங்குபவர்கள் மரச்சிராய் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாயம் நகத்தால் சுரண்டி உரியும் வண்டி வேண்டாம், எல்லாம் வாய்க்குத்தான் போகும். குழந்தை சோபாவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கத் தொடங்கும் முன் நடைவண்டிக்கு வேலையே இல்லை.

உண்மையில் அந்தச் சோபாதான் எல்லாவற்றையும்விட நன்றாக நடக்கக் கற்றுக்கொடுத்தது. ஒரு முனையில் குழந்தை, மறுமுனையில் டப்பா மூடி. பிறகு சோபாவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே ஒரு கை இடைவெளி விட்டோம். விழுவாள், எழுவாள். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஒரு கணக்குப்படி, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடி வைத்து 17 தடவை விழுகிறார்கள். இதைப் படித்த பிறகு ஒவ்வொரு விழலுக்கும் ஓடிப்போய்த் தூக்குவதை நிறுத்தினேன். மேசை முனைகளில் பழைய துணியைச் சுற்றியதோடு சரி.

டயப்பர் போட்டால் கால் வளைந்துவிடும் என்பது அத்தை கட்சி. நடக்கத் தொடங்கும் குழந்தைகளின் கால் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், இரண்டு வயதை ஒட்டி நேராகும், அதற்கும் டயப்பருக்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். ஆனால் அத்தை சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதே நியூயார்க் ஆய்வுக்குழு 13 மாத, 19 மாதக் குழந்தைகளை டயப்பரோடும் இல்லாமலும் நடக்க விட்டுப் பார்த்திருக்கிறது. ஒன்றும் போடாமல் நடந்தபோதுதான் நடை சீராக இருந்தது. மாலையில் ஒரு மணி நேரம் ஒன்றும் போடாமல் விடுவது எங்கள் வீட்டு வழக்கமானது, துடைக்கும் துணி என் தோளில். இடுப்பில் தூக்கி வைப்பதை எல்லோரும் பழைய பழக்கம் என்று நினைக்கிறார்கள். கால் இரண்டும் அகன்று இருக்கும் அந்த நிலை இடுப்பு மூட்டுக்கு நல்லது. கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் கூடாது.

வழுக்காத புள்ளி வைத்த காலுறை: சென்னை வெயிலில் வியர்த்து, திருகி, புள்ளிகள் மேல்பக்கம் வந்துவிடும். வெறுங்காலே மேல்.

ஷூ

இதில்தான் அதிகக் காசு கரைகிறது. ஷூ நடக்கக் கற்றுக்கொடுக்காது. சூடு, கல், கண்ணாடி, அழுக்கிலிருந்து பாதுகாக்கும், அவ்வளவே அதன் வேலை. மார்ச் முதல் கோயில் பிராகாரமும் மொட்டை மாடியும் கொதிக்கும். மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு ஏறும். வெளியே போகக் காலணி கட்டாயம் வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், நடக்காத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஆறு மாதக் குழந்தைக்கென்று வந்த மூன்று ஜோடியும் புகைப்படத்துக்கு மட்டும் உதவின.

நாலு முதல் பதிமூன்று வயது வரையிலான 2,300 இந்தியக் குழந்தைகளின் பாத அச்சை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1992-இல் வந்தது. காலணி அணிபவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம்தான் அது அதிகம். சின்னக் குழந்தையின் உள்ளங்கால் தட்டையாகத் தெரிவது இயல்பு, அங்கே கொழுப்புத் திண்டு இருக்கிறது, வளைவு சில வருடங்களில் தானே வரும். ‘வளைவுக்கு ஆதாரம்’ என்று எழுதிக் கூடுதல் விலை கேட்கும் ஷூவைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வரலாம்.

நடக்கத் தொடங்கிய பின் அவள் போட்டவற்றில் முதலாவது, அழுத்தினால் பீப் பீப் என்று கத்தும் ரகம். ஊரிலிருந்து வந்தது. தாத்தாவுக்குச் சந்தோஷம். சத்தம் வர வேண்டும் என்பதற்காகவே மகள் குதிகாலை ஓங்கிக் குத்தி நடந்தாள், அடிப்பாகம் தடிமனாக இருந்ததால் தடுக்கி விழுந்தாள், கீழ் வீட்டுக்காரர் மேலே வந்தார். இரண்டாவது, மென்மையான தோல் அடிப்பாகம் கொண்டது. நடக்க நன்றாக இருந்தது, மழையில் ஒரு நாள் நனைந்ததும் விறைத்துப் போனது. மூன்றாவதுதான் நிலைத்தது: மெல்லிய ரப்பர் அடிப்பாகம், மேலே துணி, அகல வெல்க்ரோ பட்டை இரண்டு, முன்பக்கம் வட்டமாக அகலம். விரல் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்க வேண்டும். நடுவில் இரண்டாக மடங்கினால் அது வேண்டாம். ஒரு கையால் மடக்க முடியவில்லை என்றால் குழந்தையின் காலாலும் முடியாது.

அளவு விஷயத்தில் பெட்டியில் போட்டிருக்கும் ‘12–18 மாதம்’ என்பதை நம்பவே கூடாது. சாயங்காலம், பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில், குழந்தையைத் தாள்மேல் நிற்க வைத்து இரண்டு காலையும் வரையுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் குறைவாக வரும். ஒரு கால் பெரிதாக இருந்தால் அந்தக் காலுக்கு வாங்குங்கள். உள்ளே இருக்கும் அட்டை வெளியே வருமானால் எடுத்து அதன்மேல் காலை வைத்துப் பாருங்கள், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம், சுமார் 12 மில்லிமீட்டர், காலி இருக்க வேண்டும். இந்த வயதில் பாதம் மாதம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வளரும், எனவே நாலு மாதத்தில் அந்த இடம் பாதியாகிவிடும். பிரிட்டிஷ் அளவில் ஒரு எண் ஏறினால் எட்டரை மில்லிமீட்டர், ஐரோப்பிய அளவில் ஆறே முக்கால். ‘வளர்ந்துடும், ரெண்டு சைஸ் பெருசா எடுங்க’ என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். கழன்று விழும் ஷூவைப் பிடித்துவைக்க விரல்களை மடக்கியபடி நடப்பார்கள்.

நீளம் சரியாக இருந்தும் மேல்பக்கம் அழுத்திச் சிவந்தால் அகலம் போதவில்லை. எங்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்து, நம் பாதம் மேலைநாட்டு அளவுகளைவிட அகலம் என்று கண்டது. ‘பா’ என்ற பெயரில் தனி இந்திய அளவு முறையையும் முன்வைத்தது. அதில் ஒரு வயது வரை ஒரு பிரிவு, ஒன்று முதல் மூன்று வயது வரை இன்னொரு பிரிவு. அந்த அளவில் ஷூ கடைக்கு வரும் வரை அகலம் பார்த்து எடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

எத்தனை ஜோடி வேண்டும்? ஒன்று. வீட்டில் கழற்றுகிறோம், கோயிலில் கழற்றுகிறோம், உறவினர் வீட்டு வாசலில் கழற்றுகிறோம். ஒரு நாளில் ஷூ காலில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. மழைக்காலத்துக்கு மட்டும் துளை வைத்த ரப்பர் செருப்பு ஒன்று கூடுதலாக. அதிலும் குதிகாலுக்குப் பின்னால் பட்டை இருக்க வேண்டும்.

பொருளால் தீராதவை சில உண்டு. ஒன்பது மாதம் தாண்டியும் உட்காரவில்லை, பதினெட்டு மாதத்திலும் நடக்கவில்லை, எப்போதும் நுனிவிரலில்தான் நடக்கிறது, ஒரு பக்கக் கை காலை மட்டும் பயன்படுத்துகிறது, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால் எந்த வண்டியும் ஷூவும் வாங்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பரிசோதனையும் இயன்முறைச் சிகிச்சையும் இலவசம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மாதங்களை எண்ணும்போது, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

நாத்தனாருக்கு இப்போது ஆறு மாதக் குழந்தை. பாயும் நடைவண்டியும் அவர் வீட்டுக்குப் போகின்றன, சக்கரத்துக்குப் புது டியூப் மாட்டியாகிவிட்டது. ஷூ போகவில்லை. மூன்றாவது ஜோடியின் அடிப்பாகம் என் மகள் எடையை ஊன்றும் பக்கம் ஒருசாய்த்துத் தேய்ந்திருக்கிறது, உள் அட்டையில் அவள் விரல்களின் பள்ளம் பதிந்திருக்கிறது. இன்னொரு குழந்தை அந்தப் பள்ளத்தில் கால் வைத்து நடக்க வேண்டியதில்லை.