14416: முதல் பட்டதாரி மாணவருக்கு டெலி-மானஸ் எதுவரை உதவும்?

கவுன்சிலிங் என்றால் தமிழ்நாட்டு மாணவருக்கு முதலில் நினைவுக்கு வருவது சீட் ஒதுக்கீடுதான். சீட் வாங்கி உள்ளே போன பிறகு தேவைப்படும் இன்னொரு கவுன்சிலிங்கைக் கேட்க, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் ரொம்பவே தயங்குகிறார்கள். அவர்கள் கைக்கு எட்டுகிற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை டெலி-மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கியது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதன் தலைமை மையம். 14416 அல்லது 1800-891-4416. 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்வழியில் படித்துவிட்டு வகுப்பில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் மாணவருக்குத் தன் மொழியில் அழ முடிவது சின்ன விஷயமல்ல.

முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் போன்ற நிபுணருக்கு மாற்றுவார். "மனசு சரியில்லை" என்று மட்டும் தொடங்கினால் பொதுவான ஆறுதலிலேயே நேரம் போய்விடும். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்குகிறதா, எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை என்பதை முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மறைக்கவே கூடாது. வைப்பதற்கு முன் உங்கள் மாவட்டத்தில் எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை ஓபி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொருவர் எடுக்கலாம். கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். பெரிய குறை இதுதான்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஸ்காலர்ஷிப் வரவில்லை, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்குகிறது, மூன்று அரியர் என்பதால் தூக்கம் போயிருந்தால், தொலைபேசியில் இருப்பவர் துறைத்தலைவரிடம் போய்ப் பேச முடியாது. அதற்குக் கல்லூரிக்குள்ளேயே ஒரு உளவியலாளர் வேண்டும். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அலுவலகத்தில் தைரியமாகக் கேளுங்கள்.

நல்ல உளவியலாளர் 45 நிமிடமாவது ஒதுக்குவார். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 போன்ற படிவத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை, சில வாரம் கழித்து ஒருமுறை நிரப்பச் சொல்வார். ஒன்பது கேள்வி, உச்ச மதிப்பெண் 27. 10 வந்தாலே விரிவாகப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் இல்லையென்றால், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றே பேச வேண்டும். பிறகு எந்த அரியரை முதலில் எழுதுவது, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று மாணவரோடு உட்கார்ந்து பார்ப்பார். அறிவுரை மட்டும் சொல்லி அனுப்புகிறவரால் இந்த மாணவருக்குப் பாதி உதவிதான்.

பல இடங்களில் வகுப்பு ஆசிரியரிடமே இந்த வேலையையும் கொடுத்துவிடுகிறார்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் யார் மனம் திறப்பார்கள்? ஆலோசனை அறை முதல்வர் அலுவலகத்தை ஒட்டி இருந்தாலும் அதே கதைதான்.

ராத்திரி நெருக்கடி என்றால் யோசிக்காமல் 14416-ஐ அழையுங்கள். ஒரு செமஸ்டரைத் தாண்ட நேரில் ஒருவர் வேண்டும். கல்லூரியில் இல்லையென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓபிக்குப் போங்கள். எங்கே போனாலும் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தச் சூழ்நிலையில் வீட்டுக்குச் சொல்வீர்கள்? அடுத்த முறையும் உங்களையே பார்க்க முடியுமா?