பெக்கான் என்று போட்டிருந்தால் நின்று யோசியுங்கள்

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை ஜப்பான் மலை மேல் ஏதாவது பழைய ரியோகானில், அதாவது ஜப்பானியப் பாரம்பரிய விடுதியில், ஒரு ராத்திரி தங்க வைக்கணும் என்று ஆசைப்படுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன பிப்ரவரியில் மூன்று பேருக்கு 72,000 யென் கொடுத்து நான் ஏமாந்தேன். நம் பணத்துக்கு நாற்பதாயிரத்தைத் தொடும். விடுதியின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லவில்லை. குன்மா மாகாணத்து மலை ஊர், அவ்வளவுதான். இந்த வேலை அந்த ஒரு விடுதியோடு நிற்கிற மாதிரியும் தெரியவில்லை.

முன்பதிவுத் தளத்தில் பார்த்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கறுத்த மரக் கட்டடம், வாசலில் மஞ்சள் விளக்கு, கூரையில் ஒரு முழத்துக்குப் பனி, பின்னால் பாறைகளுக்கு நடுவே பால் நிறத்தில் ஆவி பறக்கும் திறந்தவெளிக் குளியல். கீழே ஆங்கிலத்தில், நூறு சதவீதம் ஊற்றிலிருந்து நேராக வரும் கந்தக நீர் என்று எழுதியிருந்தது. இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 24,000 யென். இங்கே ரியோகான்களில் அறைக்கு வாடகை என்று போடுவதில்லை, தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அது எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். தெரியாத விஷயம் வேறு.

ரயிலை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் பஸ். விடுதி வேன் ஸ்டாப்புக்கு வரும் என்று நினைத்திருந்தோம். முந்தின நாளே போன் செய்து சொன்னவர்களுக்குத்தான் வருமாம். அம்மா சேலைக்கு மேல் என் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பனியில் சறுக்காமல் அப்பா கையைப் பிடித்தபடி பதினைந்து நிமிஷம் நடந்தாள். படத்தில் பார்த்த அதே மரக் கட்டடம் கண்ணில் பட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். கவுண்ட்டரில் இருந்த பையன் பட்டியலைப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, இரண்டு கையாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டினான். "உங்கள் அறை பெக்கானில்."

பெக்கான் என்றால் தனிக் கட்டடம். மூலக் கட்டடம் ஹொன்கான். எங்களுக்குக் கிடைத்த பெக்கான் நாலு மாடி கான்கிரீட் பெட்டி. லிப்டில் பழைய கம்பள வாசம், அறை வாசலுக்கு நேர் எதிரே குளிர்பான இயந்திரம் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருந்தது, ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடத்தில் ஒதுக்கிக் குவித்த அழுக்குப் பனி. தத்தாமிப் பாய் இருந்தது, யுகாதா அங்கி இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் காசு கொடுத்தது அந்த மஞ்சள் விளக்குக்கு.

ராத்திரி போனில் அதே திட்டத்தை விடுதியின் சொந்த ஜப்பானியப் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். திட்டத்தின் பெயரிலேயே பெக்கான் என்று இருந்தது. அங்கே 19,000 யென். வெளிநாட்டுத் தளத்தின் ஆங்கிலப் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தை மட்டும் உதிர்ந்து போயிருக்கிறது. விலை ஐயாயிரம் கூடியிருக்கிறது. ஹொன்கான் படங்கள் மட்டும் உதிராமல் அப்படியே இருக்கின்றன.

திரும்பிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மணி ஐந்தரை. கடைசி பஸ் போய்விட்டது. அன்றைக்கே ரத்து செய்தால் முழுப் பணமும் அவர்களுக்கு. சாப்பாடு ஆறரைக்கு, அதை விட்டால் சுற்றுவட்டாரத்தில் ஒரு டீக்கடை கூடக் கிடையாது. மலை ரியோகானில் நடந்து நுழைந்த பிறகு நீங்கள் அவர்கள் கையில். அதனால்தான் சண்டையை வீட்டில் உட்கார்ந்து, பதிவு செய்வதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

ஹொன்கான் குளியல்? பெக்கான் ஆட்களுக்கு மூன்று மணியிலிருந்து ஐந்து வரைக்கும்தானாம். நாங்கள் போனது ஐந்தரைக்கு. திறந்தவெளிக் குளியல் பனிக்காலம் முடியும் வரை மூடல் என்று கதவில் ஒரு தாள். படத்தில் கூரை மேல் ஒரு முழத்துக்குப் பனி இருந்தது என்பதைச் சொன்னேன் இல்லையா?

எல்லாரோடும் சேர்ந்து துணியில்லாமல் குளிக்க அம்மாவுக்கு இஷ்டமில்லை. இது பல வீடுகளில் வரும் பிரச்சினை, சங்கடப்பட ஒன்றுமில்லை. அதற்காக பெக்கானிலேயே தனிக் குளியலறையை 45 நிமிஷத்துக்கு எடுத்தேன், அது தனியாக 3,300 யென். அம்மாவுக்கு முன்னால் அப்பா உள்ளே போய் எட்டிப் பார்த்தார். எங்கள் அப்பா நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றார். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார்.

"என்னடா இது, நம்ம மேல்நிலைத் தொட்டி வாசம் அடிக்குது."

"கந்தக வாசம்பா, அப்படித்தான் இருக்கும்."

"கந்தகம் அழுகின முட்டை மாதிரி அடிக்கும். இது குளோரின். கொஞ்சம் கையைத் தாராளமாவே விட்டிருக்கான்."

தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவு. தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது, பக்கவாட்டில் இன்னொரு ஓட்டை அதே தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து இரண்டிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தி வருது" என்று முடித்துவிட்டார்.

துணி மாற்றும் இடத்துச் சுவரில், துண்டு அடுக்குக்குப் பின்னால் பாதி மறைந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் இருந்தது. ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்றுக் குளியல். இந்தத் தாளை ஒன்சென் புன்செகிஷோ என்பார்கள், ஊற்று நீரின் ஆய்வறிக்கை. அதற்குக் கீழே இன்னொரு சின்ன அறிவிப்பு. இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ஆறு வருஷத்தில் எத்தனையோ ஒன்சென் போயும் ஒரு தடவை கூட நான் அதைப் படித்ததில்லை.

ஜப்பானில் ஒன்சென் சட்டம் வந்தது 1948இல். ஊற்றில் 25 டிகிரிக்குக் குறையாத சூடு இருந்தால் போதும், அல்லது பட்டியலில் உள்ள 19 பொருட்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவுக்கு இருந்தால் போதும், அது ஒன்சென். 25 டிகிரி என்பது நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். ஆக, சூடு பண்ணி, குழாய்த் தண்ணீர் கலந்து, வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டாலும் சட்டப்படி ஒன்சென்தான். 2004இல் நகானோ மாகாணத்து ஷிராஹொனே ஒன்சென் விஷயம் வெடித்தது. பால் நிறத் தண்ணீருக்குப் பேர்போன ஊர், பெயருக்கே வெள்ளை எலும்பு என்றுதான் அர்த்தம். அங்கே சில குளியல்களில் நிறம் மங்கியதும் குளியல் பொடியைக் கலந்திருந்தார்கள். நாடே சிரித்தது. அடுத்த வருஷம், 2005இல், விதி மாறியது. தண்ணீர் கலக்கிறீர்களா, சூடேற்றுகிறீர்களா, சுழற்சியில் விடுகிறீர்களா, பொடியோ கிருமிநாசினியோ போடுகிறீர்களா, இதையெல்லாம் காரணத்தோடு எழுதி மாட்ட வேண்டும்.

எங்கள் சுவரில் இருந்த தாளும் ஒரு பொய் சொல்லவில்லை. சூடேற்றம் உண்டு, சுழற்சியும் வடிகட்டலும் உண்டு, குளோரின் உண்டு. எல்லாம் ஜப்பானிய மொழியில், சுண்டுவிரல் நகத்தளவு எழுத்தில். பொய் இருந்தது ஆங்கிலப் பக்கத்தில்.

குளோரின் போட்டதற்கு அப்பா அவர்களைத் திட்டவில்லை. "சுத்தி வர்ற தண்ணியில மருந்து போடலைன்னாதான் பயப்படணும்" என்றார். நியாயம். 2023இல் ஃபுக்குவொக்கா மாகாணத்தில் ஒரு பழம்பெரும் ரியோகான் பெரிய குளியலின் தண்ணீரை வருஷத்துக்கு இரண்டே தடவை மாற்றியது அம்பலமானது. லெஜியோனெல்லா கிருமி அனுமதித்த அளவைப் போல 3,700 மடங்கு இருந்தது. அதனால் குளோரின் வாசம் வந்தாலே மோசடி என்று நினைக்காதீர்கள். நூறு சதவீதம் ஊற்று நீர் என்று காசு வாங்கிக்கொண்டு குளோரின் வாசத்தைக் கொடுத்தால்தான் மோசடி.

சாப்பாட்டு விஷயத்தில் பாதித் தப்பு என்னுடையது. மாமிசம், மீன், முட்டை எதுவும் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதியிருந்தேன். ஆகட்டும் என்று பதிலும் வந்தது. சின்னச் சின்னக் கிண்ணங்களாக அழகாகத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். கொன்யாக்கு வந்தது. குன்மாவில் அதுதான் பிரசித்தம், ஒரு கிழங்கிலிருந்து செய்வது, ஜெல்லி மாதிரி வழுக்கும். காட்டுக் கீரையில் தெம்புரா என்கிற பஜ்ஜி, டோஃபு போட்டு கொதிக்கும் சட்டி, மிசோ சூப். அம்மா சூப்பை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"மாசிக் கருவாடு போட்டிருக்காங்கப்பா."

மூக்கு அப்படி. கட்சுவொபுஷி என்று இவர்கள் சீவிப் போடுவதும் தூத்துக்குடிப் பக்கம் மாசி என்று காய வைப்பதும் ஒரே சூரை மீன்தான். அதில் இறக்கிய சாறுதான் தாஷி. சூப், சட்டி, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு, கீரைக் கூட்டு, எல்லாவற்றிலும் அதுவே. பரிமாறிய பெண்மணியிடம் கேட்டேன். பாவம், அவருக்குப் புரியவே இல்லை. "மீன் இல்லையே, தாஷி மட்டும்தானே?" என்கிறார். தாஷியை இவர்கள் மீனில் சேர்ப்பதில்லை. நம் வீட்டில் ரசத்தைக் குழம்பில் சேர்க்காத மாதிரி. சைவம் என்று சொன்னால் போதாது, கட்சுவொ தாஷி கூடாது, கொம்பு தாஷி, அதாவது கடற்பாசியில் இறக்கியது, போடமுடியுமா என்று அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். முடியாது என்று சொல்லும் விடுதி நேர்மையான விடுதி. அம்மா வெறும் சோற்றில் கொண்டுவந்த பருப்புப்பொடியைப் போட்டுச் சாப்பிட்டாள். எண்ணெய்தான் இல்லை.

காலையில் கவுண்ட்டரில் அரை மணி நேரம் பேசினேன். நிறையக் குனிந்தார்கள். அந்த ஆங்கிலப் பக்கம் நாங்கள் எழுதியதில்லை, தளம் நடத்துபவர்களைக் கேளுங்கள் என்றார்கள். தளத்தைக் கேட்டால், விவரம் தருவது விடுதியின் பொறுப்பு என்று பதில். இந்தப் பந்து இரண்டு வாரம் இங்கும் அங்கும் போய் வந்தது. கடைசியில் 188க்கு அழைத்தேன், நுகர்வோர் உதவி எண், நாடு முழுக்க அதே மூன்று இலக்கம், உங்கள் பகுதி மையத்துக்கு இணைத்துவிடுவார்கள். எடுத்த பெண்மணி முதலில் கேட்டது, பதிவு செய்த அன்று பக்கம் எப்படி இருந்தது என்று படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எடுத்தது. நல்லவேளை அதில் அந்த நூறு சதவீத வரி இருந்தது. ஐந்து வாரம் கழித்து ஆளுக்கு 3,000 என்று 9,000 யென் திரும்பி வந்தது. தனிக் குளியலுக்குக் கட்டியது வரவில்லை. ரசீதில் ஆளுக்கு 150 யென் குளியல் வரி என்று தனியாக இருந்ததையும் நான் முதலில் கொள்ளை என்று நினைத்தேன். அது ஊர் நிர்வாகம் வாங்கும் வரி, ஒன்சென் ஊர்களில் பொதுவாக உண்டு, அதற்குச் சண்டை போடாதீர்கள்.

அடுத்த தடவை நான் செய்யப் போவது இதுதான். விடுதியின் பெயரை ஜப்பானிய எழுத்தில் தேடி அவர்கள் சொந்தப் பக்கத்தில் அதே திட்டத்தைப் பார்ப்பேன். ஜப்பானியம் தெரியாவிட்டால் தெரிந்தவர் யாரையாவது போன் செய்யச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை. அறை ஹொன்கானா பெக்கானா, நாங்கள் குளிக்கப் போகும் தொட்டி கென்சென் காக்கெநகாஷியா ஜுன்கானா, திறந்தவெளிக் குளியல் அந்தத் தேதியில் திறந்திருக்குமா. காக்கெநகாஷி என்றால் ஊற்று நீர் வந்து வழிந்து போய்க்கொண்டே இருப்பது, ஜுன்கான் என்றால் சுழற்சி. விடுதியில் எந்தத் தொட்டி என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒரே விடுதியில் ஒன்று அப்படியும் மற்றது இப்படியும் இருக்கும், எங்களுக்கு நடந்ததே அதுதான்.

விடுதியை விட்டுக் கிளம்பிய அன்றைக்கே பஸ் பிடித்து குசாட்சு என்ற ஒன்சென் ஊருக்குப் போனோம். ஊர் நடுவே யுபத்தாக்கே என்று மரத் தொட்டிகளில் வெந்நீர் பாய்ந்துகொண்டிருக்கிறது, இறங்கும்போதே அழுகின முட்டை வாசம். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஊர் ஊற்றுகளில் நிமிஷத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகவே பொங்குகிறது என்று படித்துச் சொன்னேன். அப்படியே நின்று மனக்கணக்குப் போட்டார். "ஒரு நாளைக்கு 46 மில்லியன் லிட்டர். மோட்டார் இல்லாம!" பக்கத்திலேயே ஷிராஹாத்தா நோ யு என்ற பொதுக் குளியல், காசு கிடையாது. சூடு தாங்காமல் இரண்டு நிமிஷத்தில் சிவந்துபோய் வெளியே வந்தார். அம்மா இலவசக் கால் குளியலில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து காலைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள். முந்தின ராத்திரி 3,300 யென் கந்தக நீரில் முக்கால் மணி நேரம் ஊறியும் பளபளவென்று இருந்த வெள்ளி மெட்டி, நாலும் கறுத்துக் கிடந்தன. ஊருக்குப் போய்த் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாளாம், உள்பக்கம் இன்னும் போகவில்லையாம்.