ரெஃபரன்ஸ் ட்ராக்கோடு நான்கு வருடம்

என் கணினியில் 'ரெஃப்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் அதைத் தொடங்கியபோது உள்ளே 43 பாட்டு. இப்போது ஏழு. மீதி 36 ஏன் வெளியே போயின என்று சொன்னாலே என் அனுபவத்தில் பாதியைச் சொன்ன மாதிரி.

நான் பாப் பாட்டுகள் மிக்ஸ் செய்பவன், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒரே பாட்டாகச் சேர்ப்பவன். பெரிய ஸ்டுடியோ எல்லாம் இல்லை. ஒரு சின்ன அறை, ஒரு ஜோடி மானிட்டர் (ஸ்பீக்கர்தான்), ஒரு ஹெட்போன். வெளியான, நன்றாக ஒலிக்கிற ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் மிக்ஸை அதோடு ஒப்பிடுவதுதான் ரெஃபரன்ஸ். கேட்க ரொம்பச் சுலபமாக இருக்கிறது. முதல் ஒரு வருடம் அது என் மிக்ஸைக் கெடுத்ததுதான் மிச்சம்.

காரணம் சத்தம். மாஸ்டர் செய்து (மிக்ஸ் முடிந்தபின் கடைசியாக மெருகேற்றி) வெளியான பாப் பாட்டு சாதாரணமாக -8 லஃப்ஸ் பக்கம் நிற்கும்; லஃப்ஸ் என்பது காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். பாதி வேலையில் இருக்கும் என் மிக்ஸ் -18. நடுவில் 10 டெசிபல். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு என்னுடையதுக்கு வந்தால் உயிரே இல்லாத மாதிரி இருக்கும். உடனே ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுவேன். திரும்பக் கேட்பேன். பேஸ் போதாது, அதையும் ஏற்றுவேன். அப்புறம் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நெருக்கும் கம்ப்ரஸர், கடைசியில் மாஸ்டரில், அதாவது எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் பாதையில், உச்சத்தைத் தாண்டவிடாமல் பிடிக்கும் ஒரு லிமிட்டர். ஒரு பாட்டை இப்படி முடித்து மாஸ்டரிங்குக்கு அனுப்பியபோது, "இதுல நான் செய்ய எதுவும் மிச்சமில்ல, லிமிட்டரை எடுத்துட்டு அனுப்புங்க" என்று பதில் வந்தது. எடுத்துவிட்டுக் கேட்டேன். அடியில் மிக்ஸ் என்று ஒன்று இல்லவே இல்லை.

அன்று ராத்திரி செய்தது ஒரே ஒரு வேலை. ரெஃபரன்ஸ் பாட்டின் ஃபேடரைப் பிடித்து 10 டெசிபல் இறக்கினேன். அந்தப் பாட்டில் இருந்த மாயம் அப்படியே வடிந்துவிட்டது. அதன் பேஸ் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. என் மிக்ஸில்தான் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கம்பளி போர்த்தின மாதிரி ஒரு மூட்டம். நான் மாதக்கணக்கில் துரத்தியது அந்தப் பாட்டின் குணத்தை இல்லை, அதன் சத்தத்தை. சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் கேட்பது குறையும், கூட்டினால் அவை நிரம்பி வரும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம். முழுப் பாட்டின் சராசரி லஃப்ஸை வைத்துச் சமன் செய்தால் தப்பாகும். ஒரு பாட்டில் முன்னிசை நீளமாக, மெதுவாக இருக்கும். இன்னொன்று முதல் நொடியே இடிக்கும். நான் பல்லவிக்குப் பல்லவி வைத்து, மூன்று நொடி அளவு காட்டும் ஷார்ட் டெர்ம் மீட்டரைப் பார்த்துச் சமன் செய்கிறேன். (கோரஸ் என்றால் நம் ஆட்களுக்குப் பின்னால் பாடுகிறவர்கள் ஞாபகம் வருவார்கள், அதனால் பல்லவி என்றே வைத்துக்கொள்கிறேன்.) கடைசி ஒரு டெசிபலை மீட்டரிடம் கேட்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சரிசெய்வேன்.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் ரெஃபரன்ஸ் பாட்டை என் மாஸ்டர் பாதை (பஸ்) வழியாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மாஸ்டரான பாட்டு, என் கம்ப்ரஸருக்குள்ளும் லிமிட்டருக்குள்ளும் இன்னொரு முறை நசுங்கி வந்திருக்கிறது. 'இந்தப் பாட்டில்கூட ஸ்னேர் ட்ரம் அவ்வளவு ஒன்றும் அடிக்கவில்லையே' என்று எனக்கு நானே ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன். ரெஃபரன்ஸ் ட்ராக் மாஸ்டரைத் தொடாமல் நேராக வெளியே போக வேண்டும். புது ப்ராஜெக்ட் திறந்ததும் முதலில் பார்ப்பது இப்போது இதைத்தான்.

இரண்டாவது வருடம்தான் உண்மையில் பயன் தர ஆரம்பித்தது. ஆனால் நான் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து இல்லை.

என் மிக்ஸ்களில் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) எப்போதும் அதிகமாகவே வரும். என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் சரியாக இருக்கும். காரில் போட்டால் கண்ணாடி அதிரும். நான் அடக்கிப் பார்ப்பேன், அடுத்த பாட்டில் திரும்ப அதே கதை. ஒரு நாள் ரெஃபரன்ஸ் பாட்டுகள் ஐந்தை வரிசையாகப் போட்டு, கிக்கை மட்டும் கவனித்தேன். ஐந்திலும் கிக்கின் அடிப்பாகம் காணோம். குச்சியால் அட்டையைத் தட்டுகிற மாதிரி மேல் சத்தம் மட்டும் வருகிறது. ஐந்து பேரும் ஒரே தப்பைச் செய்திருக்க முடியாது அல்லவா? எழுந்து சுவரோரம் போய் நின்றேன். அங்கே எல்லாக் கிக்கும் நெஞ்சில் வந்து இடித்தன.

டேப் வைத்து அளந்தேன். அறையின் நீளம் 3.4 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அறை நீளத்தைப் போல் இரு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே கட்டிக்கொண்டு நிற்கும். கணக்குப் போட்டால் 50 ஹெர்ட்ஸ். கிக் குடியிருக்கும் இடம் அதுதான். அந்த அலை சுவரோரங்களில் உச்சத்தில் இருக்கும், நட்ட நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். என் நாற்காலி இருந்ததோ நட்ட நடுவில், 1.7 மீட்டரில். முன் சுவரிலிருந்து 1.3 மீட்டருக்கு நாற்காலியை நகர்த்தினேன், மானிட்டர்களையும் அதற்கேற்ப முன்னால் தள்ளினேன். செலவு எதுவும் இல்லை. எந்த ப்ளகினும் (மிக்ஸ் மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) என் மிக்ஸுக்கு அவ்வளவு நல்லது செய்ததில்லை.

அதற்கப்புறம் ரெஃபரன்ஸ் பாட்டை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. என் மிக்ஸில் ஒன்று கேட்கவில்லை என்றால், முதலில் அது அவர்களுடையதில் கேட்கிறதா என்று பார்ப்பேன். அதிலும் கேட்கவில்லை என்றால் ஃபேடரில் கை வைக்க மாட்டேன். கோளாறு அறையில் இருக்கிறது, இல்லாவிட்டால் என் காதில். காதும் லேசுப்பட்டதில்லை. இரண்டு மணி நேரம் ஒரே பாட்டைச் சுற்றவிட்டால், கூச்சமெடுக்கும் ஹை-ஹாட் தாளத்தட்டுகூட இதமாகப் பழகிவிடும். அந்த நேரம் 15 நொடி ரெஃபரன்ஸ் கேட்டால் போதும், தூக்கம் தெளிந்த மாதிரி இருக்கும்.

சரி, அந்த 36 பாட்டு. நிறையப் போனது ஃபைல் தரத்தால். முதலில் எங்கெங்கிருந்தோ இறக்கிய எம்பி3-க்கள். 128 கிலோபிட் எம்பி3-யில் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடுவார்கள். அதைப் பார்த்து என் சிம்பலை மங்கலாக்கிய நாட்கள் உண்டு. இப்போது காசு கொடுத்து வாங்கிய, சுருக்காத வேவ் ஃபைல்கள் மட்டும்தான். ஸ்ட்ரீமிங் செயலியில் ஓடுவதை வைத்தும் ஒப்பிடுவதில்லை. ஸ்பாட்டிஃபை போன்றவை பாட்டின் சத்தத்தை -14 லஃப்ஸுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன, நான் போட்ட கணக்கு அங்கே நிற்காது.

சில பாட்டுகள் சுருதியால் போயின. எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாட்டின் பேஸ் தாழ்ந்த ஈ (E) ஸ்வரத்தில் இருந்தது, அதாவது 41 ஹெர்ட்ஸ். நான் மிக்ஸ் செய்துகொண்டிருந்த பாட்டு ஏ (A) ஸ்வரத்தில், 55 ஹெர்ட்ஸ். அந்த ஆழம் வேண்டுமென்று இரண்டு நாள் மாலை 40 ஹெர்ட்ஸில் ஈக்யூவை (குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஸ்வரமே இல்லை, எதை ஏற்றுவது? பேஸுக்கு ரெஃபரன்ஸ் என்றால் சுருதி கிட்டத்தில் இருக்க வேண்டும்.

இன்னும் சில, அரேஞ்ச்மென்ட்டால். ஒரு குரல், ஒரு பேஸ், கைதட்டல், அவ்வளவுதான் என்று இருக்கிற பாட்டு பிரமாண்டமாகத்தான் கேட்கும், ஏனென்றால் இடம் காலியாகக் கிடக்கிறது. என்னிடம் வந்ததோ 60 ட்ராக், அதாவது 60 தனித்தனிப் பதிவுகள். அந்த இரண்டையும் ஒப்பிட்டு மனசு உடைந்ததுதான் மிச்சம்.

ரெஃபரன்ஸுக்கென்றே இருக்கும் ஒரு ப்ளகினும் வாங்கிப் பயன்படுத்தினேன். சத்தத்தைத் தானே சமன் செய்து, ஒரு பட்டனில் மாற்றி மாற்றிக் கேட்க வைக்கும், அது சொகுசு. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், இல்லை மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி) மட்டும் இரண்டையும் கேட்கலாம், அது சொகுசைத் தாண்டி உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் இரண்டு பாட்டின் அலைவரிசைக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் திரை இருக்கிறதே, அது பொறி. கோட்டோடு கோடு பொருந்த ஈக்யூ போட்டுக்கொண்டே போனேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்னேர் செத்துவிட்டது. அந்தத் திரையை மூடி வைத்து இரண்டு வருடம் ஆகிறது.

போன வருடம் ஒரு பாடகி தன் பாட்டோடு ஒரு ரெஃபரன்ஸும் அனுப்பியிருந்தார். "அண்ணா, இதுல மாதிரி குரல் முன்னாடி வரணும்." மூன்று முறை குரலை ஏற்றி அனுப்பினேன். மூன்று முறையும் "இன்னும் வரலண்ணா." கடைசியில் பல்லவியைச் சமன் செய்து, குரல், ஸ்னேர் இரண்டை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். அவர் குரல் ஏற்கெனவே அந்தப் பாட்டில் இருப்பதைவிடச் சத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் குரலுக்கு ரிவெர்ப் (பெரிய கூடத்தில் பாடுவது போன்ற முழக்கம்) கிட்டத்தட்ட இல்லை. சின்ன டிலே (சற்றுத் தள்ளி வரும் எதிரொலி) மட்டும், அதுவும் வரி முடிகிற இடங்களில். இங்கே அவரே ஆசைப்பட்டுக் கேட்ட நீள ரிவெர்ப் குரலைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. ரிவெர்பைப் பாதியாக்கி, குரலை ஒன்றரை டெசிபல் *இறக்கி* அனுப்பினேன். "இப்பதான் அண்ணா முன்னாடி வந்திருக்கு" என்றார். இறக்கியதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது என் பழக்கம் சுருக்கமானது. முதல் கட்ட பேலன்ஸ் முடியும்வரை ரெஃபரன்ஸைத் திறப்பதில்லை; முன்பே திறந்தால் பாட்டு என்ன கேட்கிறது என்பது காதில் விழாமல் போய்விடுகிறது. அப்புறம் ஒரு முறைக்கு ஒரே ஒரு கேள்வி. குரலுக்கும் ஸ்னேருக்கும் நடுவே எவ்வளவு தூரம், சரணத்திலிருந்து பல்லவிக்கு எவ்வளவு ஏறுகிறது, இப்படி. பதிலைத் தாளில் எழுதி, ரெஃபரன்ஸை நிறுத்திவிட்டுத்தான் கையை நகர்த்துவேன்.

மிஞ்சிய ஏழில் ஒன்றையும் சீக்கிரம் மாற்ற வேண்டும். நான்கு வருடமாகக் கேட்டுக் கேட்டு ரொம்பப் பழகிவிட்டது. கிக்கைக் கவனிக்கலாம் என்று போடுகிறேன், பல்லவி வந்ததும் கூடவே பாட ஆரம்பித்துவிடுகிறேன்.